காப்பிச் செடிக்கு அடியில்

ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் இன்று காலை, பலாப்பழக் கடை ஓரத்தில் குவிந்து கிடந்த சக்கையின் புளித்த இனிப்பு வாசனை என்னை நிறுத்தியது. ராஜபாளையத்துக்கு மேலே, மலையில் நாங்கள் இருந்த காப்பித் தோட்டத்தில், காப்பிப் பழத்தோலைக் கொட்டும் குழியிலிருந்து இதே வாசனைதான் வரும். அந்தத் தோட்டம் இப்போது காடாகிவிட்டது. மேலே போக யாருக்கும் அனுமதி இல்லை.

பழம் பறிக்கும்போது உயரமான கிளையை ஒருவர் வளைத்துப் பிடிக்க வேண்டும்; இன்னொருவர் சிவந்ததை மட்டும் பறித்து இடுப்புப் பையில் போட வேண்டும். அம்மாவுக்குக் கிளை பிடிப்பவள் பக்கத்து வீட்டுச் செல்வி, என்னைவிட மூத்தவள், உயரமானவள்.

"ஏட்டி செல்வி, இன்னும் செத்த வளை," என்பாள் அம்மா. என்னிடம், "நீ கீழ கெடக்கதப் பொறுக்கு."

செடிக்கு அடியில் குந்தி, ஈரச் சருகை விலக்கி, உதிர்ந்த பழங்களைத் தேடும் எனக்கு அவர்களுடைய கால்கள் மட்டும்தான் தெரியும். மேலே இலைகளுக்குள் இரண்டு பேரும் என்னவோ பேசிச் சிரிப்பார்கள், நான் எழுந்து பார்த்தால் நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் செல்விக்குக் காய்ச்சல். கிளை என் கைக்கு வந்தது. நுனிக்காலில் நின்று, தோள் கடுக்க, எறும்பு கடித்தும் விடாமல் பிடித்திருந்தேன். அம்மாவின் முகம் அத்தனை பக்கத்தில் இருந்தது. இப்போது சிரிப்பாள், இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அம்மா பேசாமல் பறித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றியபடி, "செல்வியப் பாக்கப் போறேன், நீயும் வாரியா?" என்றாள்.

"கை வலிக்குதும்மா."

"அப்பப் படு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.