ஃபேனை நிறுத்திய குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். விடை தப்பாக வந்தால் நடுவில் ஏதோ ஒரு வரி தப்பு, அவ்வளவுதான். இதிலும் அந்த வரியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.

என் கணவர் செல்வராஜுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. இரண்டு மாதம் கழித்து, வாயால் சொன்னால் ஃபேன், லைட் போடுகிற கருவி ஒன்றை வாங்கி ஹாலில் வைத்தேன். என் லீவு முடியப்போகிறது. காலையில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற வேலைக்கார அம்மா ஒரு மணிக்குப் போய்விடுவார், நான் வர நாலரை ஆகும், அதுவரை அவர் தனியாகப் படுத்திருக்க வேண்டும். ரிமோட் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன், இடது கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் போய்விட்டால் யார் எடுப்பது?

அவரால் சொல்ல முடிந்தது "ஆன்" மட்டும்தான். போடவும் நிறுத்தவும் அந்தச் சத்தத்தையே ஆப்பில் பதிந்தேன். கருவியைத் தலைமாட்டுக்கு நகர்த்தினேன், ரவுட்டரை இடம் மாற்றினேன், காற்றுச் சத்தம் இடைஞ்சலோ என்று ஃபேன் வேகத்தைக் குறைத்தேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து முறை சொல்ல வைத்து டைரியில் குறித்தேன். பத்துக்கு ஒன்று. பத்துக்குப் பூஜ்யம். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று அது குழையும்போதெல்லாம் தூக்கி எறியலாம் போல இருக்கும். அவர் எறிந்தே விட்டார், தம்ளரை.

கொழுந்தன் டேனியலுக்குச் சிரிப்பு. "ஏன் மதினி, பேச்சு வராத ஆளுக்குப் பேச்சுக் கேக்குற மெசினா? நல்லா வாங்குனீங்க போங்க."

"அப்ப மத்தியானம் நீங்க வந்து உக்காருங்க, இதைத் தூக்கிப் போட்டுர்றேன்."

"கடைய யாரு பாக்குறது?"

வியாழக்கிழமை செல்வராஜை கே.கே. நகருக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன். அவசரத்தில் வீட்டில் ஃபேனை நிறுத்த மறந்துவிட்டேன், அது என் தப்புதான். அங்கே ஏ.சி. அதிகம், அவர் உடம்பு நடுங்கியது, போர்த்துவதற்குத் துண்டு கேட்டேன். அந்த நேரம் போனில் ஒரு செய்தி: ஹால் ஃபேன் நிறுத்தப்பட்டது. மணி பதினொன்று இருபது. வீடு பூட்டிக் கிடந்தது, சாவி என் பையில்.

திரும்பி வந்ததும், கருவி என்ன கேட்டது என்று ஆப்பில் பார்த்தேன். அது கேட்கிறதைப் பதிந்து வைக்கும். அழுத்தினேன்.

"ஜெசி, ஃபேனை நிறுத்து, குளிருது."

செல்வராஜின் குரல். நோய் வருவதற்கு முந்தைய குரல், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அந்தச் சலிப்போடு. நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்தக் குரல் நின்றுபோன பிறகுதான் இந்தக் கருவியே எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் எதுவும் ஓடியிருக்கும் மதினி" என்றார் டேனியல். எங்கள் போன் இரண்டும் என்னிடம்தான் இருந்தன. பாஸ்வேர்டை மாற்றினேன், கருவியில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாகப் பதிந்தேன். பிறகு, அழிக்கும் முன் என் போனில் எடுத்து வைத்திருந்த அந்தக் குரலைச் செல்வராஜிடம் போட்டுக் காட்டினேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கோணி, தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் சொன்னார்:

"நா... னில்ல."

நோய் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வார்த்தை அது. அதன்பிறகு கருவியைப் பார்த்து "ஆன்" கூடச் சொல்வதில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? ஃபேன் வேண்டியபோது ஓடுகிறது, வேண்டாதபோது நிற்கிறது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நேற்று ஞாயிறு. சர்ச்சுக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

"குளிருச்சா?" என்றேன்.

என்னைப் பார்க்காமல், ஆமாம் என்று தலையசைத்தார்.