நடுச்சுவருக்கு அப்பால்

வட்டுக்கோட்டையில் ஒரு பழைய கல்வீட்டில் சுவர் உடைக்க ஆள் தேவை என்றார்கள். மயிலிட்டியில் மீன்பிடி வள்ளத்துக்குப் போவதை விட்டுவிட்டுச் சும்மா திரிந்த நேரம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இடிப்பதற்குப் படிப்பு எதற்கு என்று போனேன்.

வீட்டின் நடுவிலிருந்த பெரிய ஹோலை இரண்டாகப் பிரித்து நின்றது அந்தச் சுவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பாதியை விட்டு, வீட்டுக்கார ஐயா கட்டுவித்தது. அவர்கள் பிறகு வன்னிக்குப் போனார்கள். அதோடு ஒரு தகவலும் இல்லை. இப்போது ஐயா படுத்த படுக்கை. சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளை இருமுகிறது என்று சொல்லி மகளை நித்திரைகொள்ள விடுவதில்லை.

"வெறும் இடம் எண்டு கண்ணாலை கண்டால் அடங்குவார்," என்றார் மகள்.

நான் சம்மட்டியை ஓங்கினேன். என்னை வேலைக்குக் கூட்டிவந்த மேசன் அண்ணை எட்டிப் பிடித்தார்.

"டேய், கூரையை ஐயாவுக்கு மேலை போடப் போறியோ?"

ஏணியில் ஏறி, சுவருக்கும் கூரையைத் தாங்கும் பனை வளைக்கும் இடையில் மரம் அரியும் வாள் அலகு ஒன்றை நுழைத்து இழுத்துக்கொண்டு போனார். நடுவில் சிக்கி நின்றது. வளையின் ஒரு முனையைக் கறையான் தின்றிருந்தது. கூரைப் பாரம் மெல்ல மெல்லச் சுவரில் இறங்கியிருந்தது.

ஐயாவைக் கட்டிலோடு பக்க அறைக்கு மாற்றினோம். மெயின் சுவிச்சை நிறுத்தினோம். சுவரின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஆப்பு இறுக்கி, புது வளை ஏற்றினோம். பிறகுதான் மேலிருந்து கல் கல்லாகக் கழற்றினோம்.

"தம்பி, ஆரும் தெரியினமோ?" அறையிலிருந்து ஐயாவின் குரல்.

"தூசிதான் ஐயா தெரியுது."

"சத்தம் போடாமல் உடையுங்கோ. பிள்ளை எழும்பிடும்."

மேசன் அண்ணை பகிடி சொல்ல வாயெடுத்தார். அடுத்த கல்லை ஓசைப்படாமல் கழற்றி என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு நான் கற்களை எறியாமல் மெதுவாக வைத்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

முட்டுகளை எடுத்து, எல்லாம் கூட்டி அள்ளிய பிறகு ஐயாவைக் கட்டிலோடு தூக்கிவந்து ஹோலின் நடுவில் விட்டோம். மகள் யன்னல்களைத் திறந்தார்.

"பாருங்கோ அப்பா. ஒருத்தரும் இல்லை."

ஐயா மூலை மூலையாகப் பார்த்தார்.

"இவ்வளவு இடம் கிடந்திருக்கு," என்றார். "பிள்ளை இருமுது, எங்களுக்கும் தொத்தும் எண்டு நான்தானே அவையளைப் போகச் சொன்னனான்."

பிறகு கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்கு நகர்ந்தார்.

"காலை நீட்டிப் படுங்கோ அப்பா."

"பிள்ளை கிடக்கு."

மகள் போர்வையை இழுத்து, கட்டிலின் வெறுமையான பாதியையும் சேர்த்து மூடிவிட்டார்.