ரவூப் நானா ஏற்றுக்கொண்ட பிழை

பதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் சொன்னார், ரவூப் நானா மௌத்தாகிவிட்டார், நேற்றே அடக்கமும் முடிந்துவிட்டது என்று. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவரைத் தெரிந்த ஊர்க்காரர்கள் நீங்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்காவது எனக்குச் சொல்லத் தோன்றவில்லையே. ரேடியோக் கடை வைத்திருந்தவர், பிறகு கம்ப்யூட்டரும் விற்றார். நம் பக்கத்தில் அதைத் துணிந்து தொடங்கியவர் அவர்.

எண்பதுகளின் கடைசியில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபிஸில் நான் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். தொழிலாளர் லயத்துப் பெண்ணுக்கு இந்த வேலையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மெஷினை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றச் சொன்னார் தோட்டத்தை நிர்வகித்த துரை. நானாவின் கடையிலிருந்து டிஸ்க்குகள் வந்தன. முதல் டிஸ்க் பழையதை அழித்துவிட்டது. இரண்டாவதைப் போட்டதும் கரகரவென்று சத்தம், படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. திரும்பப் போட்டேன், அதே வரி. அணைத்துப் போட்டால் மெஷினே எழும்பவில்லை. சாயந்திரத்துக்குள் ஓடாவிட்டால் நாளைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று கொழுந்து பறிக்கப் போ என்றார் துரை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

போன் போட்டதும் நானா வந்தார். நான் மறுபடியும் விசையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, மொதல்ல கைய எடுங்க. சும்மா சும்மா அமுக்கினா நல்ல டிஸ்க்கும் கெட்டுப்போகும்" என்றார்.

இரண்டாவது டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் திறப்பில் திருநீறு அப்பியிருந்தது. பக்கத்தில் நின்ற ஆபிஸ் பெரிய கிளாக்கருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. ஆயுத பூசையன்று வந்த டிஸ்க்குகளை உறையிலிருந்து எடுத்து, ஃபேக்டரி மெஷின்களுக்குப் பூசியதுபோல இவற்றுக்கும் பூசியவர் அவர்தான். பூசை முடிந்துதான் அவை என் கைக்கு வந்தன. ஓய்வுக்குச் சில மாதமே இருந்த மனுசன்.

"நானா, தொரைக்குத் தெரிஞ்சா என்னைய வெளிய போட்டுருவாருங்க" என்றார் கிளாக்கர்.

நானா டிஸ்பென்சரியிலிருந்து ஸ்பிரிட் வரவழைத்து, மெஷினுக்குள் டிஸ்க்கைப் படிக்கும் முனையைப் பஞ்சால் துடைத்தார். பையிலிருந்து வேறு டிஸ்க்குகளை எடுத்தார். முதலாவது போனது. இரண்டாவதையும் போட்டார். அது சத்தமில்லாமல் ஓடி முடிந்தது.

அப்போதுதான் துரை உள்ளே வந்தார். மெஷின் ஓடுவதைப் பார்த்தும் அவர் உட்காரவில்லை. யார் பிழை என்று கேட்டார். கிளாக்கர் தரையைப் பார்த்தார், நான் நானாவைப் பார்த்தேன்.

"என்ட கடைப் பிழை, சேர். தூசி பிடிச்ச டிஸ்க்க குடுத்துட்டேன்" என்றார் நானா.

துரை அவரைத் திட்டவில்லை. ஆனால் அதன்பின் தோட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் கொழும்பிலிருந்து எடுத்தார். பக்கத்துத் தோட்டங்களும் அப்படியே செய்தன.

பின்னொரு நாள் கடைக்குப் போய், ஏன் நானா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மெஷின் நல்லா ஓடணும்னுதானே அந்த மனுசன் பூசை வச்சாரு. அதப் போய்க் குத்தம்னு சொல்லவா?" என்றார்.

கிளாக்கர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். என் வேலை தப்பியது. நட்டப்பட்டது நானா ஒருவர்தான். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பொய்யைத்தான். இன்று பலருக்கு மேலதிகாரியாக, யார் பிழை என்று கேட்கும் இடத்தில் நான் இருக்கிறேன். இதுவரை கேட்டதில்லை.