வீடியோவில் ஒரு நேர்த்திக்கடன்

டவுன்டவுனில் எங்கள் வழக்கறிஞர் பெண்மணியின் அறையில் அண்ணையும் நானும் இருந்தோம். அண்ணி வரவில்லை, சின்னவனைப் பிள்ளைகள் பராமரிக்கும் கார்டரியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்த முதல் ஆள் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில்.

கடையொன்றின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து முதுகு அடிபட்டு, ஒரு வருடமாகச் சமையலறை வேலைக்குப் போக முடியாத அண்ணை அந்தக் கடைமீது நட்டஈட்டு வழக்குப் போட்டிருந்தார். விசாரணைக்கு முன்பே கடையின் காப்புறுதிக்காரர்கள் தங்கள் ஆதாரத்தை அனுப்பியிருந்தார்கள். ஆள் வைத்து, எங்களுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து எடுத்த ஒரு வீடியோ கசெற்.

திரையில் எங்கள் வாசல். அண்ணி குப்பைப் பையோடு போகிறார். பிறகு கோயிலின் கார் தரிப்பிடம். வேட்டியுடன் அண்ணை நிலத்தில் உருண்டுகொண்டிருந்தார்.

“இது என்ன உடற்பயிற்சி?” வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“பிரதட்டை. இவருடைய மனைவி சாமிக்கு வைத்த நேர்த்தி.”

“எதற்காக?”

“முதுகுவலி மாற.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நான் பொய் சொன்னனான் எண்டு நினைக்கிறாவோ?” அண்ணை என்னிடம் கேட்டார். “நொந்தபடியால்தானேடா உருண்டனான்.”

ஊரில் ஆமி எங்களை வரிசையாக இருத்தி, சாக்கு முகமூடிக்குள்ளிருந்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் கொண்டுபோனபோது, அந்தக் கண்கள் எங்கே என்றாவது தெரிந்தது. இங்கே எந்தக் கார், எந்த யன்னல்?

உருண்டு முடித்த அண்ணையை இரண்டு பேர் தூக்கித்தான் நிமிர்த்தினார்கள். அது கசெற்றில் இல்லை என்று சொன்னேன். வெட்டாத முழுப் படத்தையும் கேட்டு வாங்கலாம், தூக்கியவர்களும் சாட்சி சொல்லட்டும் என்றார் வழக்கறிஞர். எனக்கு உயிர் வந்தது. அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

“வேண்டாமடா. தூக்கினது ஆர் எண்டு யோசி.”

யோசித்தேன். அவர்களில் ஒருவரின் அகதி மனு தள்ளுபடியாகி, நாடுகடத்தும் கடிதம் வந்திருந்தது. நகருக்கு வெளியே புரோசார்ட்டில் ஒளிந்திருந்தார்.

“என்ரை முதுகுக்காக அந்தாளைக் காட்டிக்குடுக்கிறதோ?”

“அப்ப லோயருக்கு என்ன சொல்ல?”

“சமாதானமாப் போவம் எண்டு சொல்லு. வேறையொண்டும் கதையாதை.”

சொன்னேன். வழக்கறிஞர் அண்ணையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கசெற்றை உறைக்குள் போட்டார். இப்போது அவரும் அந்தப் படத்தை நம்பிவிட்டார் என்று தெரிந்தது.

அடுத்த மாதம், பிரெஞ்சில் அச்சடித்த பத்திரத்தின் அடியில் அண்ணை தமிழில் கையெழுத்து வைத்தார். நாற்பதாயிரம் டொலர் கேட்ட வழக்கு ஒன்பதாயிரத்தோடு முடிந்தது. எங்கள் கைவிட்டுப் போனது முப்பத்தோராயிரம்.