புகைக்குள் எடுத்த பெரட்டு

தீபாவளியன்று மாலை என் மனைவி கமலா ஒரு தட்டு முறுக்கோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மலையூரான பிரிஞ்சாங்கில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அந்த வீட்டு மருமகன் பின்புறத்தில் வாணவேடிக்கை நடத்திக்கொண்டிருந்தார். கைப்பேசியைத் தட்டினால் நிறம் மாறும் விளக்குகள். டப்பாவைத் திருகினால் ஊதா நிறப் புகை. புகை சுவரைத் தாண்டி வந்தது. கமலா அதற்குள் போய்விட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் பெயரைக் கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன்" என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அங்கிள் பயந்துட்டாரு லா" என்று மருமகன் சிரித்தார். பயந்துதான் போனேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த ஊதாப் புகைக்கு வாசனை ஏதும் இல்லை. ஒரு காலத்தில் நாங்கள் போட்ட புகைக்கு இருந்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை ஈரத்தோடு தகர டிரம்மில் போட்டு மூட்டுவோம். பால்போல வெள்ளையாக எழும்பும், தொண்டையில் துவர்க்கும். இன்றும் எங்காவது அந்த வாடை வந்தால் கமலா எங்கே என்று தேடுவேன்.

அப்போது நான் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கல்யாணமாகி நான்கே மாதம். விடியுமுன் தொழிலாளர்களை நிறுத்திப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது என் வேலை. அதற்குப் பெரட்டு என்று பெயர். புத்தகம் எனக்கு மனப்பாடம். நடைமுறை என்றால் உயிர். அந்தத் தீபாவளிக்கு எங்கள் கிராணி வீட்டுப் பின்புறத்தில் வாணவேடிக்கை என்று முடிவானதும் தோட்டத் துரைக்கு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதினேன். வரைபடம் போட்டேன். மணல் வாளிகளுக்கு எண் எழுதினேன். மாலையில் மலையிலிருந்து மூடுபனி இறங்கும் என்பதை மட்டும் எங்கும் எழுதவில்லை. அது என்னிடம் அனுமதி கேட்டு வருவதில்லையே.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மூன்று டிரம்களில் புகை. நான்கு மூலைகளில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் கட்டிய டார்ச் லைட்டுகள். நிறம் ஏறிய புகையைக் கிழித்துக்கொண்டு வாணம் மேலே போகும். நான்காவது மூலையில் சிவப்பு டார்ச்சோடு கமலாவை நிறுத்தினேன். அவள் முதுகுக்குப் பின்னால் தடுப்புச் சுவரின் விளிம்பு. அதற்குக் கீழே இருபதடி ஆழத்தில் லோரிப் பாதை. "நான் சொல்ற வரைக்கும் நகரக் கூடாது" என்று சொல்லியிருந்தேன்.

முதல் பத்து நிமிடம் அழகாகத்தான் இருந்தது. பிறகு பனி இறங்கியது. மேலே போக வழியில்லாத புகை தரையில் படுத்துக்கொண்டது. டார்ச் வெளிச்சம் அதற்குள் நுழையவில்லை. சிவப்பில் ஒரு சுவர், பச்சையில் ஒரு சுவர் என்று நின்றது. என் கையே எனக்குத் தெரியவில்லை. வாணம் செருகியிருந்த போத்தலை யாரோ தட்டிவிட்டார்கள். ஒரு வாணம் முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு போய் எங்கோ வெடித்தது. பெண்கள் அலறினார்கள். காலடிகள் நாலாபக்கமும் ஓடின.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். "எல்லாரும் அப்படியே உக்காருங்க. பெரட்டு எடுக்கப் போறேன்."

"தீவாளிக்கும் பேரு போட்டுருவாரு போல" என்றது ஒரு குரல். சிரிப்பு நடுங்கிக்கொண்டே வந்தது.

"அஞ்சலை."

"இருக்கேங்க."

"பெருமாள்."

"இருக்கேன்."

"பாக்கியம்." பதில் இல்லை. "பாக்கியம்!"

"இருக்கேங்க, இருமலு."

கடைசிப் பெயர் வரை வந்தேன். "எல்லாம் சரி. யாரும் குறையல" என்று உரக்கச் சொன்னேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்போது என் காதருகே மாணிக்கம் கங்காணி மெதுவாகக் கேட்டார். "அய்யா, டீச்சரு?"

கமலா தோட்டப் பள்ளியில் ஆசிரியை. என் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை.

கூப்பிட வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்புவாள். எந்தப் பக்கம் திரும்புவாள்? தரையில் மண்டியிட்டு, சிவப்பாகத் தெரிந்த திசையில் தவழ்ந்தேன். புல், ஈர மண், பிறகு சிமெண்டு, அதற்கப்புறம் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. வெறும் குளிர்காற்று. விளிம்பைத் தடவிக்கொண்டே இடப்பக்கம் நகர்ந்தேன். ஒரு பாதம் தட்டுப்பட்டது. குதிகால் சுவருக்கு வெளியே இருந்தது. கணுக்காலைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். டார்ச்சை அப்போதும் அவள் உயர்த்தியே பிடித்திருந்தாள். சேலையில் நெருப்பு பட்டு ஒரு துளை.

"ஏன் குரல் குடுக்கல?" என்றேன், கோபமாக. எனக்குப் பயம் அப்படித்தான் வெளியே வரும்.

"பேரு கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. நடுவுல பேசினா தப்பாயிடும்னு நின்னேன். என் பேரும் வரும்னு நெனச்சேன்." டார்ச்சைக் கீழே இறக்கினாள். "அப்புறம் எல்லாம் சரின்னீங்க. அதையும் கேட்டேன்."

அந்த டார்ச்சை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கிராணி வீடு இப்போது இல்லை. அங்கே ஒரு தேநீர்க் கடை. சுற்றுலா வருபவர்கள் அதே சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரட்டும் இல்லை. கடல்தாண்டி வேலைக்கு வந்த பிள்ளைகள் ஒரு மிஷினில் விரலை வைத்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். புத்தகம் மட்டும் எனக்கு இன்னும் மனப்பாடம். அஞ்சலை இல்லை. பெருமாள் இல்லை. மாணிக்கம் கங்காணி ஈப்போவில் மகள் வீட்டில் காலமானார். பாக்கியம் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு பெயர்தான், கூப்பிட்டால் இன்னும் குரல் கொடுக்கிறது.