மூடுபனியில் கேட்ட பம்பை

இன்று மலைமேல் வாழவந்தி நாடு போகும் பஸ் மூடுபனியில் ஒரு வளைவில் நின்றுவிட்டது. எங்கிருந்தோ பம்பை மேளச் சத்தம் கேட்டதும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. நாதஸ்வரம் வாசிக்கும் அப்பாவுடன் இந்த மலைக்குத் திருவிழாவுக்கு வந்திருந்தேன். அங்கே பம்பை அடித்த காளியப்பனைக் காட்டி, "இது சங்கீதமில்லீங்க, வெறும் இரைச்சல்" என்று அப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். காளியப்பன் தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் காலை நாங்கள் இறங்கும்போது பனி மூடிப் பாதை தவறியது. அப்பாவின் காலடியில் ஒரு கல் உருண்டது. அது பள்ளத்தில் விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"அசையாதே கண்ணு." அப்பா என்னைப் பாறையோடு சேர்த்து நிறுத்தினார். யார் காதிலாவது விழட்டும் என்று உறையிலிருந்து நாயனத்தை எடுத்து ஊதினார். மூச்சு நிலைக்காமல் ஸ்வரம் உடைந்தது. எனக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துத் தொலைவில் பம்பை அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. அந்தத் திசையில் பாறையைப் பிடித்தபடி ஊர்ந்தோம். பாதையில் காளியப்பன் நின்றிருந்தார்.

"உங்க அடி கேக்கலீன்னா செத்திருப்போமுங்க" என்று அப்பா கைகூப்பினார்.

"உங்க நாயனம் கேக்கலீன்னா நான் எதுக்குங்க அடிச்சிருப்பேன்?"

அப்பா அவரிடமிருந்து பம்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அடிவாரம் வரும்வரை நான் அவர் வேட்டியை விடவேயில்லை.