கைப்பிடியில் இன்னொரு கை

இது பட்டப்பகலில் நடந்தது. அமாவாசை இருட்டு, சுடுகாட்டுப் பாதை, நாய் ஊளை... எதுவும் இதில் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெரு. வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்ட ஒரு மோட்டார் பட்டறை. சித்திரை மாத வெயில். அவ்வளவுதான். கதை கட்டிச் சொல்வதாக இருந்தால் இதைவிட நல்ல இடமாகப் பார்த்திருக்கலாம். நடந்தது இங்கேதான் என்பதால் வேறு வழியில்லை.

நடந்தது வேலுத்தாய்க்கு. அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. இந்த விஷயத்தில் அவள் சொன்ன ஒரே பொய்யும் கீழே வருகிறது.

அது 1992. சுந்தரபாண்டியத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆவணியில் கல்யாணம். கணவன் காசிராஜன் அதிகம் பேசமாட்டான். ஆனால் அவள் தலைவலி என்று சொல்வதற்கு முன்பே சுக்கு வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். கைத்தொழிலிலும் கெட்டிக்காரன். அந்த வருஷங்களில் ஊர் மில்களில் வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கின. அவற்றின் மோட்டார்களுக்குள்ளே, சுற்றும் பாகத்தில், நிரந்தரமாகக் காந்தம் ஒட்டியிருக்கும். காந்த மோட்டார் என்றே எல்லோரும் சொன்னார்கள். மெஷின் தடதடவென்று அதிர்ந்து நின்றுவிட்டால், கோளாறு எங்கே என்று தெரியாமல் மற்ற மெக்கானிக்குகள் முழிப்பார்கள். காசிராஜன் மோட்டாரைப் பிரிக்காமலேயே சொல்லிவிடுவான், உள்ளே எந்த வயர் இணைப்பு விட்டிருக்கிறது என்று.

வேலுத்தாய்க்கு அவன்மேல் ஒரே ஒரு குறை. பட்டறைக்குள் அவளை இருக்க விடமாட்டான்.

“டீயை வச்சிட்டுப் போ.”

“செத்த நேரம் இருக்கேனே. என்னதான் செய்யுதீகன்னு பாக்கேன்.”

“இதுல பாக்க என்ன இருக்கு? வெக்கை. போ.”

அவள் கிணற்றடிக்கு வருவதற்குள் கதவு சாத்தப்படும். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் கேட்கும்.

“மெல்ல... ம்... இன்னும் கொஞ்சம்... அதே போல... போதும்.”

அவனுடைய குரல்தான். ஆனால் அந்தக் குரலில் ஒரு குழைவு இருந்தது. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். “ஏட்டி வேலு, ஒன் வீட்டுக்காரரு யாரைக் கொஞ்சுதாரு?”

“மோட்டாரைத்தான் மதினி.”

“நல்ல மோட்டாரு! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, கட்டையில போற மனுசன். வாயத் தொறந்தா வசவுதான்.”

வேலுத்தாய் சிரித்து வைத்தாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறைக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கதவு உண்டு. எவளோ அதன் வழியாக வருகிறாள்... போகிறாள்...

மறுநாள் குரல் கேட்டதும் சந்துக்குள் போய் நின்றாள். கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டில் துரு. அந்தக் கதவைத் திறந்து பல நாள் ஆகியிருக்க வேண்டும். பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

மேஜையில் ஒரு மோட்டார். அதிலிருந்து மூன்று வயர்கள், மூன்று சின்ன டார்ச் பல்புகள். இரண்டு நன்றாக எரிந்தன. ஒன்று மங்கல். காசிராஜன் ஸ்டூலில் உட்கார்ந்து பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் இரண்டும் மடியில். மோட்டாரின் தண்டில் ஒரு இரும்புக் கைப்பிடி மாட்டியிருந்தது. அது சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வேறு யாருமில்லை.

வேலுத்தாய்க்கு உயிர் வந்தது. சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. மோட்டார் என்றால் சுற்றத்தானே செய்யும்? அன்று ராத்திரிக்கு அவனுக்குப் பிடித்த புளிக்கறி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மில் மேஸ்திரி சங்கையா வந்தார். காசிராஜன் வெளியே போயிருந்தான். தண்ணீர் கொடுத்துவிட்டு, பேச்சுக்குக் கேட்டு வைத்தாள்.

“எதுக்கு அண்ணாச்சி மூணு பல்பைப் போட்டு எரிச்சுப் பாக்காக? கரண்டுதான் வீணாப் போகுது.”

சங்கையா சிரித்தார். “அதுக்குக் கரண்டே குடுக்கக் கூடாது தாயி. அதுலதான் சூட்சுமமே இருக்கு. உள்ளுக்க காந்தம் இருக்குல்லா, கையால சுத்துனா அதுவே கரண்டு எடுக்கும். மூணு பல்பும் ஒண்ணுபோல எரிஞ்சா எல்லா ஜாயிண்டும் சுத்தம். ஒண்ணு மங்குனா அந்த ஜாயிண்டு லூசு. எரியவே இல்லன்னா அந்து போச்சு.”

“கையால... சுத்தணுமா?”

“ஆமா. ஒரே வேகத்துல சுத்தணும். கூடிக் கொறஞ்சா பல்பு மினுங்கும், ஒண்ணும் புரியாது. அதான் ஒரு ஆளு சுத்த, ஒரு ஆளு பாக்க. ஆமா, காசிக்கு யாரு சுத்தி விடுதா? நீதானா?”

மடியில் கிடந்த காசிராஜனுடைய இரண்டு கைகளும் அவள் கண்முன்னே வந்தன.

“ஆமா அண்ணாச்சி. நான்தான்” என்றாள்.

அதுதான் அந்தப் பொய்.

சாயங்காலம் அவன் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

“யாரு அவ?”

“யாரு எவ?”

“ஒங்களுக்குக் கைப்பிடி சுத்தி விடுதாளே, அவ.”

சொம்பை அவன் கீழே வைத்தான். பிறகு சொன்னான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனுஷ்கோடி என்பவருடைய பட்டறையில் அவன் தொழில் படித்தான். அவருடைய மகள் சண்முகத்தாய்தான் கைப்பிடியைச் சுற்றுவாள், அவன் பல்பைப் பார்ப்பான். பெண் கேட்டான். அவர் முடியாது என்றார். அன்றைக்கே வெளியேறி இங்கே வந்து கடை போட்டான். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

“நம்ம கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள் இருக்கும். நான்தான் ஒரு கையால சுத்திக்கிட்டிருந்தேன். கையை எடுத்தேன். நிக்கல. நின்னுரும்னு பாத்தேன்... நிக்கல.”

“செத்துட்டாளா?”

“தெரியாது.”

“பயமா இல்லியா ஒங்களுக்கு?”

“அவ எதுக்கு என்னையப் பயமுறுத்தப்போறா?”

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான்.

“அவ கை மாதிரி வராது வேலு. ஒரே சீரா இருக்கும்.”

இன்னொருத்தியாக இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். வேலுத்தாய்க்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உயிரோடு இருப்பவள் என்றால் தெருவில் நின்று நாலு கேள்வி கேட்கலாம். முடியைப் பிடித்து இழுக்கலாம். இவளை எதைப் பிடித்து இழுப்பது? அவனோடு உட்கார்ந்து வேலை செய்கிற இடம் தன்னுடையது. தான்தான் தாலி கட்டிக்கொண்டு வந்தவள். அங்கே அந்தச் சண்முகத்தாய் உட்கார்ந்திருக்கிறாள்... நான் வெளியே டீ கொண்டு வருகிறேன்...

அடுத்த வெள்ளிக்கிழமை காசிராஜன் மோட்டார் எடுத்துவரக் கான்சாபுரம் பக்கம் போயிருந்தான். மில்லில் மத்தியானச் சங்கு ஊதியது. அதோடு கரண்டும் போனது. தெருவே அடங்கிவிட்டது.

வேலுத்தாய் பட்டறைக் கதவைத் திறந்தாள்.

சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைப்பு. அந்தக் கையைவிடச் சீராகச் சுற்ற வேண்டும்.

உள்ளே வெக்கை இல்லை. தகரம் பழுக்கிற வெயிலில், அங்கே கிணற்றுக்குள் இறங்கியதுபோல இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஸ்டூலை மோட்டாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றினாள்.

பல்புகள் மினுக்மினுக்கென்றன. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். எரிந்தன. மூன்றும்! அவளுக்குச் சின்னப் பிள்ளைபோலச் சிரிப்பு வந்தது. இதுக்குத்தானா இம்புட்டுப் பெருமை?

சுற்றினாள். சுற்றச் சுற்றக் கை பழகியது.

அப்போது கைப்பிடி கனத்தது.

மணல் மூட்டையை இழுப்பதுபோலக் கனம். வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் இப்படித்தான் இறுகும் என்று காசிராஜன் ஒரு தடவை சங்கையாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தாள்.

ஒட்டவில்லை. மூன்றும் தனித்தனியாகத்தான் இருந்தன.

கையை எடுத்தாள்.

கைப்பிடி சுற்றியது...

மெதுவாக. சீராக. கீச்... கீச்... கீச்...

மூன்று பல்பும் ஒன்றுபோல எரிந்தன. ஒரு துளி மினுங்கல் இல்லை. அவளால் வராத சீர்.

“யாரு?”

கீச்... கீச்...

“ஏட்டி, யாருன்னு கேக்கேன்லா?”

கைப்பிடி நின்றது. பல்புகள் அணைந்தன.

பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

வேகமாக. இன்னும் வேகமாக. பல்புகள் கண் கூச வெள்ளையாக எரிந்தன. மேஜை ஆடியது. போ... போ... என்று அந்தச் சத்தம் தன்னை விரட்டுவதாக வேலுத்தாய்க்குத் தோன்றியது.

அவள் ஓடவில்லை.

இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள்.

உள்ளங்கைக்கு அடியில், சுற்றிச் சூடேறிய இரும்பு சுட்டது. மேலே ஏதோ சில்லென்று இருந்தது. அவளுடைய விரல்களுக்கு மேல்... விரல்கள்.

“இது என் வீடு” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “அவிய என் புருசன்.”

இழுத்தாள்.

அது இழுத்தது.

காலை மேஜையில் உந்தி, உடம்பு முழுவதையும் போட்டு முறுக்கினாள்.

டக்.

சுள்ளி ஒடிந்தாற்போல ஒரு சத்தம். கைப்பிடி லேசானது. பல்புகள் அணைந்தன. சில்லிப்பு போன இடம் தெரியவில்லை. தகரக் கூரையின் வெக்கை அடுப்பைத் திறந்தாற்போல அவள் மேல் இறங்கியது.

மோட்டாரையும் கைப்பிடியையும் தடவிப் பார்த்தாள். எதுவும் ஒடியவில்லை.

காசிராஜன் திரும்பி வந்து பட்டறைக்குள் போனான். அவள் கிணற்றடியில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். “மெல்ல...” என்றான். கைப்பிடி சுற்றும் சத்தமில்லை. “மெல்ல...” என்றான் மறுபடியும். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அவளைப் பார்த்தான்.

“நீ உள்ள வந்தியா?”

“வந்தேன்.”

வேறு ஒன்றும் அவன் கேட்கவில்லை. கதவை அகலத் திறந்து விட்டான். அவள் போய் உட்கார்ந்து சுற்றினாள். முதலில் தடுமாறினாள். அவன் பொறுமையாக இருந்தான். கடைசியில், “நடுவுல உள்ளது மங்குது பாரு. உள்ள சால்டர் வச்ச ஜாயிண்டு விட்டிருக்கு” என்றான். எட்டு மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த முதல் கோளாறு அது. அன்று அவள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ வாடிய பிறகும் அவள் முகம் வாடவில்லை.

அதன்பிறகு தினமும் அவள்தான் சுற்றினாள். அவனிடமிருந்து அந்தக் குழைந்த குரல் மட்டும் வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வாசலில் நின்றார். முகத்தில் நாலு நாள் தாடி.

“காசி இருக்கானா தாயி? நான் வில்லிபுத்தூரு. மடவார் வளாகம். தனுஷ்கோடின்னு சொல்லு.”

வேலுத்தாய் கணவனைக் கூப்பிடவில்லை. கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிட நினைத்தாள்.

“அவிய வேலையா இருக்காக. ஒங்க மக... சண்முகத்தாய் அக்கா... எப்படிச் செத்தாக?”

பெரியவர் அதிர்ந்து நிமிர்ந்தார்.

“யாரு சொன்னா செத்துட்டான்னு? அவ இருக்கா தாயி.”

பெரியவர் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

“போன ஆவணியில காய்ச்சல்ல விழுந்தா. கண்ணு தொறக்கல, பேச்சு இல்ல. கஞ்சி ஊத்துனா எறங்கும், அவ்வளவுதான். வலது கை மட்டும் காத்துல சுத்திக்கிட்டே இருக்கும். மதுரைக்கும் கொண்டு போயிப் பாத்தாச்சு. நரம்புக் கோளாறுங்காக. எனக்குத் தெரியும் அது என்ன சுத்துன்னு. நான்தான பழக்கிவிட்டேன்... ஒரு எட்டு வந்து பாருன்னு காசியைக் கெஞ்சத்தான் வந்தேன்.”

“வலது கை...”

“இப்ப அதுவும் இல்ல. சித்திரையில ஒரு வெள்ளிக்கிழமை. உச்சிப் பொழுது. கட்டில்ல கெடந்த இடத்துல மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. யாரும் பக்கத்துல இல்ல. யாரோ ரெண்டு கையால பிடிச்சு முறுக்குன மாதிரி இருக்குன்னு கட்டுப் போடுத வைத்தியரு சொன்னாரு. கொலைகாரப் பாவி எவன் வந்தான்னு எங்களுக்கு வெளங்கல.”

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“ரெண்டு மாசமா அசையாமக் கெடந்தா. சரி, முடிஞ்சிருச்சுன்னு இருந்தோம். இன்னைக்கு விடியக்காலையில அவ ஆத்தா கூப்பிட்டுக் காட்டுனா. இடது கை சுத்துது தாயி.”

வேலுத்தாய் திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தாள். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது.

அன்று காலையில் மில்லிலிருந்து நான்கு மோட்டார்கள் வந்து இறங்கியிருந்தன. காசிராஜன் அவளைக் கூப்பிடவே இல்லை.